மிச்ச வலி

வலியாள் இருக்கிற வீட்டில் ஒருவர் வயிறு வலிக்கிறது என்றால் மற்றவர் "எங்கே?" என்று கேட்பதில்லை. "யாரோடது?" என்றுதான் கேட்பார். புதன்கிழமை மதியம் கிருபா சமையலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றபோது அவள் கணவன் ஜெபசிங் அப்படித்தான் கேட்டான். ஒன்பது வருஷமாக அதே கேள்வியைச் சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறான். அன்றைக்குச் சிரிக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இருவருமே வலியாட்கள். அரசாணையில் 'வலி வாசிப்பாளர்' என்று கௌரவமாக எழுதியிருக்கும். தூத்துக்குடிப் பக்கத்து ஜனங்களுக்கு அவ்வளவு நீளம் தாங்காது. வலியாள் என்று சுருக்கிவிட்டார்கள். வேலை இதுதான்: இரண்டு பட்டைகள் உண்டு. ஒன்றை நோயாளியின் இடுப்பில் முதுகெலும்போடு ஒட்டிக் கட்டுவார்கள். இன்னொன்றை வலியாள் தன் இடுப்பில் கட்டிக்கொள்வார். பொத்தானை அழுத்தினால் அங்கே வலிப்பது இங்கேயும் வலிக்கும். நோயாளிக்கு ஒரு துளியும் குறையாது. அதே வலி இன்னொரு உடம்பிலும் எழும், அதுதான் வித்தை.

எந்த தேசத்துக்காரர்களோ எதற்கோ கண்டுபிடித்த சாமான் அது. நம் ஊருக்கு வந்தபோது வெளிநோயாளி வரிசையைக் குறைக்கிற வேலைக்குப் போய்விட்டது. ஸ்கேன் எடுக்க வேண்டியவர்களின் வரிசை வாசலில் இருக்கும் வேப்பமரத்தையும் தாண்டி சைக்கிள் ஸ்டாண்டு வரை நிற்கும். டாக்டர் கேட்டால் ஒருவர் "சுருக் சுருக்குங்குது" என்பார், இன்னொருவர் "உள்ள என்னமோ ஓடுது" என்பார். அதை வைத்துக்கொண்டு எந்த டாக்டர் என்ன செய்ய முடியும்? பழகின வலியாள் பட்டையைக் கட்டி ஒரு நிமிஷம் கண்ணை மூடினால் போதும். "பித்தப்பைக் கல்லு" என்றோ "குடல்வால், இன்னைக்கே எடுத்திருங்க" என்றோ சொல்லிவிடுவார். நோயாளி சொல்வதை ரொம்பக் காதில் போட்டுக்கொள்ளக் கூடாது என்பது பயிற்சியின் முதல் பாடம். பயந்தவன் கூட்டிச் சொல்வான், ரோஷக்காரன் குறைத்துச் சொல்வான், பட்டை மட்டும் உள்ளதை உள்ளபடி சொல்லும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். அதில் பிழை ஒன்றும் இருப்பதாக யாருக்கும் அப்போது தோன்றவில்லை.

ஒரே ஒரு தொந்தரவு உண்டு. பட்டையைக் கழற்றின பிறகும் கொஞ்சம் வலி வலியாளின் உடம்பிலேயே தங்கிவிடும். அதற்கு மிச்சம் என்று பேர். சிலருக்கு ஒரு மணி நேரம் நிற்கும், பெரிய வலி என்றால் இரண்டு மூன்று நாள்கூட நிற்கும். வேலை முடிந்ததும் எல்லோரும் ஆறுகிற அறை என்று ஒரு அறையில் உட்கார்ந்து டீயைக் குடித்துக்கொண்டு, "எனக்கு இன்னைக்கு அந்தக் கல்லுக்காரன்", "எனக்குத் தலைப்பிரசவம் டோய்" என்று ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டு மிச்சம் இறங்கும்வரை காத்திருப்பார்கள். மிச்சம் அதிகம் என்று மேலே சொல்லிவிட்டால் பட்டையைப் பறித்து மருந்துச்சீட்டு எழுத உட்கார வைத்துவிடுவார்கள். அதனால் யாரும் சொல்வதில்லை. தன் வலியா வாங்கின வலியா என்று சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ள ஒரு வழியும் இருந்தது. குறைந்துகொண்டே வந்தால் மிச்சம், கூடிக்கொண்டே போனால் சொந்தம். வாங்கின வலி எப்படியும் இறங்கித்தானே ஆகவேண்டும்?

கிருபாவுக்கு மற்றவர்களைவிட மிச்சம் அதிகம் நிற்கும். மாதத்துக்கு ஒரு தடவையாவது சாப்பிட்டு எழுந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருக்களித்துப் படுத்துவிடுவாள். பச்சையாகக் கொஞ்சம் வாந்தி எடுப்பாள். பிறகு தானாகச் சரியாகிவிடும். "நல்ல வலியாளுக்கு அப்படித்தான்டே. ஆழமா வாங்குதா, அதான் லேசுல விடமாட்டேங்குது" என்று மூத்தவர்கள் சொல்வார்கள். கிருபாவுக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான். சின்ன வயதிலும் அவளுக்கு இப்படி வரும். குடலேற்றம் என்று சொல்லி அவள் அம்மா ஒருத்தரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவாள், அவர் வேட்டியில் போட்டுத் தலைகீழாகக் குலுக்கி விடுவார். "நெத்திலி அலசுற மாதிரி அலசுவாரு" என்று கிருபா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். வேலைக்கான நேர்முகத்தில் வலி தாங்குவீர்களா என்று கேட்டபோது, "வலிதான சார், எனக்குப் பழக்கம்தான்" என்று சொல்லித்தான் உள்ளே வந்தாள்.

திங்கட்கிழமை காலையில் புறவழிச்சாலையில் ஒரு பஸ் கவிழ்ந்துவிட்டது. ஸ்கேன் அறைகள் எல்லாவற்றிலும் அடிபட்டவர்களைத்தான் தள்ளிக்கொண்டு போனார்கள். எலும்புப் பிரிவில் வேலை பார்த்த ஜெபசிங், இரண்டு வாய் டீ குடிக்கலாம் என்று மனைவியைத் தேடி வயிற்றுப் பிரிவுக்கு வந்தான். அங்கே கட்டிலில் கொம்பையா என்ற ஆள் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். முந்தின ராத்திரி சாப்பிட்ட சால்னா சரியில்லை என்றும் வயிறு உப்பிக்கொண்டு வலிக்கிறது என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். கிருபா தன் பட்டையைக் கட்டிக்கொண்டு ஜெபசிங்கைப் பார்த்து ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டினாள். பொத்தானை அழுத்தினாள்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு அவள் முகம் வெளுத்தது. மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஒன்பது வருஷத்தில் அவள் அப்படிச் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை.

"டாக்டர்! முறுக்குது. குடல் முறுக்குது டாக்டர். உடனே திறக்கணும்."

அறுவை சிகிச்சை டாக்டர் பாத்திமா நஸ்ரீன் ஓடிவந்தார். "நிச்சயமா கிருபா? ஸ்கேனுக்கு இப்ப வழியே இல்ல."

"நிச்சயம் டாக்டர். ரத்தம் நிக்குது. எனக்குத் தெரியுது."

கொம்பையா மிரண்டுபோய் இரண்டு பேரையும் பார்த்தார். "எக்கா, எனக்கு அவ்வளவா வலிக்கலியே. கேஸு மாதிரிதான இருக்கு?"

"அப்படித்தான் இருக்கும் அண்ணாச்சி, பயப்படாதிய" என்றாள் கிருபா, நெற்றியில் வியர்வை ஊற்ற. அவள்மீது நம்பிக்கை வைக்காத டாக்டர் அந்த ஆஸ்பத்திரியில் கிடையாது. கொம்பையாவை உள்ளே கொண்டுபோனார்கள்.

திறந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை. மார்புக்குக் கீழிருந்து தொப்புளுக்கு அடியில் வரைக்கும் கிழித்து, குடலை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கையில் எடுத்துப் பார்த்தார் நஸ்ரீன். பாடப்புத்தகத்துப் படத்தைப் போல எல்லாம் அததன் இடத்தில் அழகாக இருந்தது. கொஞ்சம் காற்று, அவ்வளவுதான். மறுபடி தைத்து அனுப்பினார்கள்.

சாயங்காலம் கொம்பையாவின் மனைவி மாரிக்கனி போர்ட்டிகோவில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். "நல்லாருந்த மனுசன கிழிச்சிப் போட்டுட்டாளே! அவ வயிறு வெளங்குமா!" என்று அவள் அழுத அழுகைக்கு ஊரே கூடிவிட்டது. லாரி ஓட்டுநர் சங்கத்து ஆட்கள் வந்தார்கள், பிறகு தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். விசாரணை முடியும்வரை கிருபா பட்டையைத் தொடக்கூடாது என்று கண்காணிப்பாளர் சொல்லிவிட்டார். அவள் இடுப்பிலிருந்து பட்டையை அவிழ்த்துக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் பேசினாள்.

"நான் பொய் சொல்லலங்க. முறுக்குச்சு."

"யாரு பொய்யின்னு சொன்னா? அசதியா இருந்திருப்ப. இன்னைக்குக் கூட்டம் அப்படி."

"அசதியில கல்லு எங்க இருக்குன்னு தப்பாச் சொல்லலாம். இல்லாத முறுக்க எப்படிங்க வாங்குவேன்?"

ஜெபசிங் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். அவன் கெட்டவன் அல்ல. மனைவிமேல் உயிரையே வைத்திருந்தவன். ஆனால் திறந்து பார்த்தாயிற்று, குடல் நன்றாக இருக்கிறது என்று கண்ணால் கண்டாயிற்று. அதற்குமேல் அவள் சொல்வதை எப்படி நம்புவது? தப்பு செய்தவர்கள் எல்லோரும் முதலில் இப்படித்தான் சொல்வார்கள் என்று அவன் மனதின் ஒரு மூலை நினைத்தது. அதை அவன் வெளியே சொல்லவில்லை. ஆனால் கிருபாவுக்குத் தெரிந்துவிட்டது. பத்து வருஷம் கூட வாழ்ந்தவளுக்குப் பட்டையா வேண்டும்?

செவ்வாய் முழுவதும் அவள் சாப்பிடாமல் படுத்திருந்தாள். புதன்கிழமை காலையில் அவன் வற்புறுத்தி நாலு இட்லி ஊட்டிவிட்டு வேலைக்குப் போனான். போனதும் வலி வந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு ஃபோன் பண்ண அவளுக்கு வெட்கம். அந்த வாசலில் மறுபடி போய் எந்த முகத்தோடு நிற்பது? மதியம் அவன் சாப்பிட வந்தபோது சமையலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"யாரோடது?" என்றான்.

"அந்த அண்ணாச்சியோடதுதான். அதே முறுக்கு. அன்னைக்கு வந்த மாதிரியே."

"ரெண்டு நாளாச்சு. பெரிய வலின்னா அவ்வளவு நிக்கும்தான். படு, இறங்கிரும்."

அவள் படுக்கவில்லை. குனிந்தபடியே அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏங்க, ஒண்ணு கேக்கேன். அவருக்கு உள்ள ஒண்ணுமே இல்லேன்னு டாக்டரே சொல்லியாச்சு. அப்ப அவருகிட்ட இல்லாத வலி எனக்கு எப்படி மிச்சமா நிக்கும்?"

இதுதான் கேள்வி. இதற்குமேல் ஒரு மனுஷி என்ன கேட்க முடியும்? பதில் அந்தக் கேள்வியின் உள்ளேயே இருந்தது. ஜெபசிங் அரை நிமிஷம் நின்று யோசித்திருந்தால் போதும். ஆனால் அவன் காதில் அது கேள்வியாக விழவில்லை. இன்னும் தன் கட்சியைப் பேசுகிறாள், தான் சரியாகத்தான் வாசித்தேன் என்று நிரூபிக்கப் பார்க்கிறாள் என்றே விழுந்தது.

"மனசு கெடந்து அடிக்கில்லா, அதான் வயித்துல தெரியுது" என்றான். "அதையே நெனச்சிட்டு இருந்தா அப்படித்தான் இருக்கும்."

"என் வலி எனக்குத் தெரியாதா?"

"உனக்குத் தெரிஞ்சதுனாலதான் அந்த ஆளு தையலோட கெடக்காரு!"

சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டான். கிருபா தரையில் உட்கார்ந்தாள். அடங்கிய குரலில், "நம்பலேன்னா நீங்களே கட்டிப் பாருங்க" என்றாள்.

வலியாட்கள் ஒருவரையொருவர் வாசிக்கக் கூடாது என்பது கண்டிப்பான விதி. ஆனாலும் அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், எலும்புப் பிரிவின் பட்டைகள் இரண்டையும் சாப்பாட்டுப் பையில் போட்டு மறைத்து எடுத்து வந்தான். மனைவிக்காக வேலைக்கே உலை வைக்கிற காரியம் செய்தான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவள் இடுப்பில் ஒன்றைக் கட்டினான். தன் இடுப்பில் ஒன்றைக் கட்டினான். பாயில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பொத்தானை அழுத்தினான்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் வலி அவனுக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. எடுத்த எடுப்பில் மூச்சே நின்றுபோனது. தொப்புளைச் சுற்றி யாரோ துணியைப் பிழிவது போல இருந்தது. இதை வைத்துக்கொண்டா காலையிலிருந்து நின்றிருக்கிறாள்? அவன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. பட்டையைக் கழற்றாமல் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான். கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்க வேண்டும் அல்லவா?

குறைந்தது. முதலில் நம்பவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தான். பிழிகிற கை மெல்ல மெல்லத் தளர்ந்தது. கடல் உள்வாங்குகிற மாதிரி சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டே போனது.

"குறையுது ஏட்டி! குறையுது!" என்றான், அழுகையும் சிரிப்புமாக. "மிச்சம்தான்! நான் சொன்னேன்லா!"

கிருபாவும் கண்ணைத் திறந்தாள். "ஆமாங்க. குறையத்தான் செய்யுது" என்றாள் ஆச்சரியத்தோடு. "கொஞ்சம் படுக்கேன்."

அவளைத் தலையணையில் சாய்த்து, வேர்வையைத் துடைத்துவிட்டான். சொன்ன கடுஞ்சொல்லுக்காக அவள் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டான். "போதும், போங்க. பட்டைய வச்சிட்டு வந்துருங்க, தேடப் போறாவ" என்றாள். அவள் தூங்கும்வரை இருந்துவிட்டு, மனம் லேசாகி, ஒரு பாட்டைக்கூட முணுமுணுத்துக்கொண்டு சைக்கிளை மிதித்தான். அந்தப் பாட்டை நினைத்தால் அவனுக்குப் பிற்பாடு உடம்பெல்லாம் கூசும்.

விளக்கு வைக்கிற நேரத்தில் திரும்பி வந்தபோது குளியலறை வாசலில் கிடந்தாள். கை கால் சில்லென்று இருந்தது. தரையெல்லாம் கரும்பச்சையாக வாந்தி. "வலிக்கா ஏட்டி?" என்று கேட்டான். இல்லை என்று தலையை ஆட்டினாள்.

நஸ்ரீன்தான் அன்று பணியில் இருந்தார். வயிற்றைத் தொட்டுப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் உள்ளே கொண்டுபோனார். போன வேகத்தில் வெளியே வந்துவிட்டார். அவ்வளவு சீக்கிரம் முடிகிற ஆபரேஷன் நல்ல ஆபரேஷனாக இருக்காது என்று ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவனுக்குத் தெரியாதா? ஜெபசிங் எழுந்து நின்றான்.

"உக்காருங்க ஜெபசிங்" என்று சொல்லி அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். "தாய் வயித்துல இருக்கும்போது எல்லாருக்கும் குடல் ஒரு சுத்து சுத்தி அததோட எடத்துல போய் உக்காரும். உக்காந்த எடத்துல பின்பக்கமா அகலமா ஒட்டிக்கும், நகராது. கிருபாவுக்கு அது சுத்தவே இல்ல. பொறந்ததிலேருந்தே அப்படி. மொத்தக் குடலும் ஒரு காம்புல தொங்குற மாதிரி தொங்குது. அப்பப்ப அந்தக் காம்புல முறுக்கிக்கும். அதிர்ஷ்டம் இருந்தா தானா அவிழ்ந்துரும்."

"இத்தன வருஷமா…"

"இத்தன வருஷமா முறுக்கி முறுக்கி அவிழ்ந்திருக்கு. பெரும்பாலும் கைக்குழந்தையிலேயே தெரிஞ்சிரும். சிலபேருக்குப் பெரியவங்களான பிறகும் தெரியாது. வேலைக்குச் சேரும்போது நெஞ்சைப் படம் எடுத்தோம், நரம்பைச் சோதிச்சோம். வயித்தை யாரும் பாக்கல. வலியாளோட சொந்த உடம்பு சும்மா இருக்கும்னு நெனச்சுதான இந்தப் பட்டையையே செஞ்சிருக்காங்க." தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "திங்கக்கிழமை அவங்க சொன்னது ஒவ்வொண்ணும் உண்மை ஜெபசிங். முறுக்குது, ரத்தம் நிக்குது, உடனே திறக்கணும். நான்தான் பக்கத்துல இருந்த வயித்தைத் திறந்தேன்."

ஜெபசிங் மறுபடி எழுந்தான். "இப்ப எடுத்துரலாம்லா டாக்டர்? வெட்டி…"

"வெட்டினா உள்ள வைக்க ஒண்ணும் இல்ல. முழுக்கக் கருத்துப்போச்சு. மூடிட்டேன்." பிறகு டாக்டர்களுக்கே உரிய பழக்கத்தில் கேட்டார். "மதியம் வலி திடீர்னு குறைஞ்சுதா?"

"குறைஞ்சுது."

"குடல் சாகும்போது அப்படித்தான். வலிக்கறதுக்கும் அங்க உயிர் வேணும் இல்லையா?"

அவர் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அவன் பட்டையைக் கட்டிப் பார்த்தது அவருக்குத் தெரியவே தெரியாது. மனைவியின் குடல் செத்துக்கொண்டிருந்ததைத் தன் வயிற்றுக்குள்ளேயே உணர்ந்துகொண்டு, குறையுது குறையுது என்று கொண்டாடியவன் இந்த உலகத்தில் தான் ஒருவன்தான் என்று ஜெபசிங்குக்குத் தோன்றியது. சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். வேலை ஆட்கள் வந்து பிடித்துக்கொண்டார்கள்.

விடிந்ததும் கிருபாவுக்கு நினைவு வந்தது. நஸ்ரீன் எதையும் மறைக்கவில்லை. வலியாளிடம் மறைத்துப் பிரயோசனமில்லை என்று அவருக்குத் தெரியும். கட்டில் பக்கத்தில் மண்டிபோடாத குறையாகக் குனிந்து எல்லாவற்றையும் சொன்னார். கிருபா கவனமாகக் கேட்டாள்.

"அப்ப நான் வாசிச்சது சரிதான டாக்டர்?"

"நூத்துக்கு நூறு சரி. என்னை மன்னிச்சிரு."

கிருபாவின் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அந்த நேரத்திலும் அதில் அவளுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது என்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் ஜெபசிங்குக்குத் தாங்கவில்லை. டாக்டர் போன பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க கட்டிப் பாத்தப்ப குறைஞ்சிட்டுதான வந்துச்சு?"

"ஆமா" என்றான்.

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. சொகமா இருந்துச்சு. நீங்க சந்தோசமா சிரிச்சியளா, எனக்கும் நிம்மதியாத் தூக்கம் வந்துட்டு." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "அந்த அண்ணாச்சிதான் பாவம். ஒண்ணுமில்லாத மனுசன். அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க. நான் வேணுமின்னு செய்யலன்னு."

"நீயே சொல்லு. நாளைக்கு நடக்க வைப்பாவ, நானே கூட்டிட்டுப் போறேன்."

"சரி" என்றாள், சின்னப் பிள்ளைகளிடம் சொல்வது மாதிரி. மத்தியானத்துக்கு முன்னாலேயே போய்விட்டாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் ஜெபசிங் வேலைக்கு வந்தான். வராமல் இருந்தால்தான் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. பட்டைகள் இரண்டையும் வாங்கி ஒன்றை இடுப்பில் கட்டிக்கொண்டான். எலும்புப் பிரிவுக்குப் போகாமல் ஆண்கள் அறுவை வார்டுக்கு நடந்தான். கொம்பையா சாய்வுக் கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். மாரிக்கனிதான் அவனை முதலில் பார்த்தாள். அவனும் வலியாள் என்று பட்டையே சொல்லிற்று.

"இன்னும் என்னத்தப் பாக்கணும்? கிழிச்சது பத்தாதா?" என்று எழுந்தாள்.

"நான் கிருபாவோட வீட்டுக்காரன்" என்றான் ஜெபசிங்.

மாரிக்கனி அப்படியே நின்றுவிட்டாள். செய்தி வார்டு முழுக்கத் தெரிந்திருந்தது. மண்ணை வாரித் தூற்றிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள். "நான் என்னத்தக் கண்டேன் அண்ணாச்சி. வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். என் சாபம்தான்…" என்று அழ ஆரம்பித்தாள்.

"இல்லம்மா. அவளுக்குப் பொறவியிலேயே இருந்தது. நீங்க ஒண்ணும் செய்யல." கொம்பையாவின் பக்கம் திரும்பினான். "அவ ஒரு வார்த்த சொல்லச் சொன்னா. வேணுமின்னு செய்யலியாம். உங்களுக்குக் குடுத்த கஷ்டத்துக்கு மன்னிச்சிருங்க."

கொம்பையா கஞ்சித் தம்ளரைக் கீழே வைத்தார். "எனக்கு என்ன கஷ்டம். உசுரோடதான இருக்கேன்" என்றார். சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று தலையைக் குனிந்துகொண்டார்.

சொல்ல வந்ததைச் சொல்லியாயிற்று. ஜெபசிங் போகவில்லை. அவன் கண் கொம்பையாவின் வயிற்றிலேயே நின்றது. சட்டைப் பொத்தான் போடாமல் இருந்ததால் மார்புக்குக் கீழிருந்து இறங்கும் தையல் தெரிந்தது. நஸ்ரீன் டாக்டர் கைத்திறமையைக் கேட்க வேண்டாம். ஒரே சீராகப் போட்டிருந்தார்.

"வலிக்கா?" என்று கேட்டான்.

"இருமினா, சிரிச்சா வலிக்கி. மத்தபடி குறைஞ்சிட்டுதான் வருது."

"அண்ணாச்சி, ஒரு உதவி." கையிலிருந்த இன்னொரு பட்டையை நீட்டினான். "ஒரு நிமிசம் அதக் கட்டிப் பாக்கட்டுமா? டாக்டருக்காக இல்ல. எனக்கு."

கொம்பையா மனைவியைப் பார்த்தார். மாரிக்கனியே அவன் கையிலிருந்து மற்றப் பட்டையை வாங்கிப் புருஷன் இடுப்பில் கட்டிவிட்டாள். ஜெபசிங் கட்டில் காலை ஒட்டித் தரையில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினான்.

பெரிய வலி ஒன்றும் இல்லை. வயிற்றின் நடுவில் மேலிருந்து கீழே ஒரு கோடு காந்தியது. மூச்சை இழுத்தால் கொஞ்சம் இழுத்தது. விட்டால் அடங்கியது. சதை சதையோடு ஒட்டிக்கொள்கிற வலி. நாலைந்து நாளில் அரிக்க ஆரம்பித்து, அப்புறம் மறந்தே போகிற வலி. அவன் இரண்டு கையாலும் தன் வயிற்றைப் பொத்திக்கொண்டு, யார் பார்க்கிறார்கள் என்ற நினைப்பே இல்லாமல் விம்மி விம்மி அழுதான்.

"ரொம்ப வலிக்கா?" என்று கொம்பையா பதறினார்.

"இல்ல அண்ணாச்சி. நல்லா ஆறிட்டு வருது" என்றான் ஜெபசிங். "திங்கக்கிழமை அவளத் திறந்திருந்தா, இந்நேரம் அவளுக்கு இவ்வளவுதான் வலிச்சிருக்கும்."

அவன் கேட்ட ஒரு நிமிஷம் கழிந்து இன்னும் கொஞ்ச நேரமும் ஆயிற்று. பட்டையைக் கழற்றச் சொல்லாமல் கொம்பையா அசையாமல் உட்கார்ந்திருந்தார்.